துறவி துப்பறியும் கொலைக்கதை எழுதுவது எப்படி?

இடைக்கால மடாலயத்தில் ஒரு கொலை, துப்பறிகிறவர் ஒரு துறவி. இப்படிக் கதை எழுத ஆசையா? கொலைகாரன் யார் என்று யோசிக்கும் முன்பு, புனித பெனடிக்ட் சபையின் விதிநூலைப் படித்துவிடுங்கள். 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. மொத்தம் 73 சின்ன அதிகாரங்கள்தான். நான் படிக்காமல் எழுதி, முதல் வரைவை அப்படியே கிழித்துப் போட்டேன்.

படி 1: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

இங்கிலாந்து, 1215க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டவனின் கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொடுத்துச் சோதிக்கும் சடங்கில் குருமார்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அந்த ஆண்டு லாத்தரன் சங்கம் (திருச்சபைத் தலைவர்கள் ரோமில் கூடிய பெரிய கூட்டம்) தடுத்துவிட்டது. இனி சாட்சியும் விசாரணையும்தான் வழி. 1194 முதல் கொரோனர் பதவியும் இருக்கிறது, அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு அதிகாரி. அவர் வந்து பார்க்காமல் பிணத்தைப் புதைக்கக் கூடாது. அவர் குதிரையேறி வந்து சேரும்வரை உங்கள் துறவிக்கு அவகாசம்.

படி 2: துறவிக்கு ஒரு வேலை கொடுங்கள்

மடத்து நோயாளிகளைக் கவனிப்பவராக வையுங்கள். இரவில் நடமாடக் காரணம் இருக்கும், பிணத்தைப் பார்த்துப் பயப்படவும் மாட்டார்.

படி 3: விதியிலிருந்து தடயம் எடுங்கள்

கதையின் உயிரே இங்கேதான். 22ஆம் அதிகாரம் சொல்கிறது: துறவிகள் உடுத்த உடையோடு, இடுப்பில் கச்சை கட்டியபடி தூங்க வேண்டும், ஆனால் கத்தி கூடாது. தூக்கத்தில் தன்னையே கிழித்துக்கொள்வார்களாம்! என் முதல் வரைவில் கொலைகாரன் இடுப்பில் கத்தியோடு ஜம்மென்று படுத்திருந்தான்.

அதே அதிகாரத்தில் இன்னொரு வரி: படுக்கை அறையில் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டி ஜெபத்துக்கு மணி அடிக்கிறது, எல்லாரும் எழுகிறார்கள், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நம் துறவி அதை உற்றுப் பார்க்கிறார். வழக்கமாக இந்நேரம் கட்டையாகத் தேய்ந்திருக்கும். இன்று இரண்டு விரல் அதிகமாக நிற்கிறது. யாரோ அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஏற்றியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் இருட்டாக இருந்தது என்பதை அந்த இரண்டு விரலே சொல்லிவிடும்.

ரகசியக் கடிதத்துக்கு 55ஆம் அதிகாரம்: யாராவது சொந்தமாக எதையாவது ஒளித்திருக்கிறாரா என்று மடத்துத் தலைவர் படுக்கைகளை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

படி 4: விஷம்

நம்மூர் வச்சநாபியின் ஐரோப்பிய உறவுச்செடி ஒன்று உண்டு. அதன் பூ துறவியின் முக்காடு போலவே இருக்கும். உள்ளே போனால் நாக்கும் உதடும் மரத்துப்போகும். ஆய்வகப் பரிசோதனையெல்லாம் கிடையாது. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனையே 1836இல்தான் வந்தது. அதனால் செத்தவர் கடைசியாக “வாயெல்லாம் கூசுது” என்று யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

படி 5: முடிவு

கொலைகாரன் துறவி என்றால் திருச்சபை நீதிமன்றம் விசாரிக்கும், தூக்கு கிடையாது. கதை சப்பென்று முடிந்துவிடும். வெளியாள் என்றால் அவன் ஓடிப்போய் கோயிலுக்குள் தஞ்சம் புகலாம், 40 நாள் வரை. அப்புறம் கொரோனரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கையில் மரச்சிலுவையோடு அவர் சொல்லும் துறைமுகத்துக்கு நடந்து, நாட்டை விட்டே போக வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு விலகக் கூடாது. உங்கள் துறவியை மடத்து வாசல்வரை அவனோடு நடக்க விடுங்கள்.