பகடை விழாவிட்டால் கதை நின்றுவிடக் கூடாது

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு முன்கூடத்தில் ஐந்து பிள்ளைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படிவம் ஐந்து படிக்கும் பையன் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு கதாபாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட ஆட்டம் தோட்டத்துப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரை மணி நேரத்தில் மேசை அமைதியாகிவிட்டது. காரணம் எனக்கு உடனே தெரிந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் நடத்திய முதல் ஆட்டமும் இதே இடத்தில்தான் நின்றுபோனது.

புதிதாக ஆட்டம் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பகடையை வீட்டில் மறந்து வருவது, எந்த எண்ணோடு எதைக் கூட்டுவது என்று திணறுவது எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருக்கும் ஒரே வழியைப் பகடை போட்டுப் பூட்டுவது

என் கதை இது. பழைய ரப்பர்த் தோட்டம். எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயில் மணி காணாமல் போகிறது. திருடர்கள் ரப்பர்ப் பால் சேர்த்து வைக்கும் பால் ஸ்டோருக்கு அடியில் சுரங்கத்தில் ஒளிந்திருக்கிறார்கள். சுரங்கத்துக்கு ஒரே வழி, கிராணி (தோட்டக் கணக்கர்) அறையில் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால். அந்த வழியைக் கண்டுபிடிக்க பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) பகடை போட வேண்டும், இலக்கு 15, அதாவது 15 அல்லது அதற்கு மேல் வர வேண்டும்.

நால்வரும் உருட்டினார்கள். 6, 11, 3, 13.

"ஒன்றும் தெரியவில்லை" என்றேன்.

"அண்ணே, இன்னொரு தடவை உருட்டலாமா?"

"முடியாதுடா. ஒரு தடவைதான்."

அலமாரியைத் திறந்தார்கள். மேசைக்கு அடியில் பார்த்தார்கள். வெளியே போய்க் கோயிலைச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே அறைக்கு வந்தார்கள். நாற்பது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் ஒரு தங்கச்சி பகடைகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்: நாலு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. அடுக்கிக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினாள். என் மடியில் சுரங்கத்தைப் பற்றி எழுதிய பதினொரு பக்கம் இருந்தது. அதில் ஒரு வரியைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை.

பகடை சரியில்லை, நேரம் சரியில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். ஒவ்வொருவரும் விழுந்த எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளலாம் என்று வையுங்கள். இலக்கு 15 என்றால் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகத்தில் ஏழு முகம்தான் உதவும். அதாவது 35 விழுக்காடு. நால்வரும் சேர்ந்து தவறவிட 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆறு முறை நடத்தினால் சராசரியாக ஒரு முறை கதை செத்துப்போகும் என்று தெரிந்தே எழுதியது போலத்தான் அது. இதில் பகடையின் குற்றம் எங்கே இருக்கிறது?

போன மாதம் அந்தப் பையன் செய்ததும் இதேதான். அலமாரிக்குப் பதில் கிணறு, கதவுக்குப் பதில் கயிறு. ஆட்டம் முடிந்ததும் அவனை ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, அவன் நோட்டைத் திறக்கச் சொன்னேன்.

"தம்பி, இந்தக் கயிறு அவங்க கண்ணுல படலைன்னா என்ன ஆகும்?"

"கதை அங்கேயே நின்னுடும்ணே."

"அப்படின்னா அதுக்குப் பகடை போடச் சொல்லாத. சும்மா கொடுத்துடு."

கதை நகர்வதற்கு அவசியமான தடயம் எதுவானாலும், தேடுகிறவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். பகடை தீர்மானிக்க வேண்டியது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை. என் கிராணி அறையை இன்று நடத்தினால், அலமாரியை நகர்த்துகிற எல்லாருக்கும் கதவு தெரியும். 15 வந்தால் சத்தமில்லாமல் திறக்கும். வராவிட்டால் செக்ரோல் கட்டு தடதடவென்று சரிந்து விழும், கீழே இருப்பவன் விளக்கை அணைத்துவிடுவான். இரண்டிலும் அவர்கள் உள்ளே போகிறார்கள். தோற்றவர்கள் இருட்டில் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மேசையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அந்த இருட்டில்தான்.

இன்னொன்று, ஒரே இடத்துக்கு மூன்று வழி வையுங்கள். அலமாரி ஒன்று. பால் ஸ்டோரிலிருந்து புதிதாக மண் ஒட்டிய காலடித் தடம் இரண்டு. விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது தரைக்கு அடியில் மணிச் சத்தம் கேட்டதாகச் சொல்லும் பாட்டி மூன்று. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நினைப்பது

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக மந்திரவாதியும் குள்ளனும் ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. ஸ்பெல் (மந்திரம்), லெவல் (நிலை), ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) எல்லாம் அப்படியே இருக்கட்டும். யாரும் குழம்ப மாட்டார்கள். பேச்சு தமிழில் வரட்டும். மூன்று வாரம் வாயே திறக்காத ஒரு பெண், வழிப்பறிக்காரனிடம் பேரம் பேச வேண்டிய இடத்தில் தன் பாட்டியின் குரலில் ஆரம்பித்தாள்: "ஏன்டா, உன் அம்மாவுக்குத் தெரியுமா நீ இங்க நிக்கிறது?" எல்லாரும் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அதன் பிறகு அவள்தான் அந்தக் குழுவுக்கே பேச்சாளர்.

முதல் நிலையில் கூட்டமாக எதிரிகளை இறக்குவது

முதல் நிலை மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட் பெரும்பாலும் 6 முதல் 8 வரைதான் இருக்கும். 2014-இல் வந்த விதிப்புத்தகப்படி, கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் ஒரு வெட்டு சராசரியாக 5 ஹிட் பாயிண்டைக் குறைக்கும். இரண்டு வெட்டில் ஆள் கீழே. நால்வருக்கு மூன்று கோப்ளின் போதும், அதிலும் ஒன்று பயந்து ஓடட்டும்.

புத்தகத்தை வாங்கிக் குவித்துவிட்டு ஆரம்பிப்பது

அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். 2023 ஜனவரியிலிருந்து 5.1 என்ற விதித்தொகுப்பு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே கிடைக்கிறது. ஒரு செட் பகடை மட்டும் வாங்குங்கள்.

எட்டுப் பேரைச் சேர்ப்பது

நான்கு பேர் போதும்.

எல்லாரும் வந்தால்தான் ஆட்டம் என்பது

ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவருக்கு எஸ்பிஎம் தேர்வு டியூஷன், ஒருவர் வீட்டில் கோயில் திருவிழா. மூன்று பேர் வந்தால் ஆடுங்கள். வராதவரின் கதாபாத்திரம் காய்ச்சலில் படுத்திருக்கட்டும்.

நேரம் பார்க்காமல் இழுப்பது

மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பத்து மணிக்கு முடிப்பதாகச் சொன்னால் பத்து மணிக்கு முடியுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் மோட்டாரை அணைக்காமல் நின்றுகொண்டிருப்பார். காலை ஐந்தரைக்கு அவர் செம்பனைக் காட்டில் இருக்க வேண்டும்.