டெங்கு வைரசும் நெல் மூட்டையும்: அன்டிஜன் முன்வைப்பைக் கீறிப் பழகும் முறை

தங்கச்சியின் மகளுக்கு ஏ.எல். உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டுப்பட்ட பாடம் இது. மூன்று இரவு இழுத்தது. பாடநூலில் பிறபொருளெதிரியாக்கி என்று இருக்கும். இங்கே அன்டிஜன் என்றே எழுதுகிறேன்: நோயெதிர்ப்புக் கலங்கள் அந்நியம் என்று அடையாளம் காணும் பொருள். அதன் துண்டைக் கலம் தன் மேற்பரப்பில் அவற்றுக்குக் காட்டுவதுதான் முன்வைப்பு. கலம், புரதம், கொல்கி எல்லாம் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

வேண்டியவை: ஒரு ஏ3 தாள் (போட்டோக்கொப்பிக் கடையில் கிடைக்கும்), பென்சில், சிவப்புப் பேனை, நீலப் பேனை. யூடியூப் அனிமேஷன் வேண்டாம். பார்க்கும்போது எல்லாம் விளங்கும். முடிந்ததும் ஒன்றும் மிஞ்சாது.

படி 1

சம்மாந்துறைப் பக்கம் அறுவடை நேரம் நெல் வாங்க வரும் வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையை அவிழ்த்துக் கொட்ட மாட்டார். பக்கவாட்டில் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் எடுத்து, உமியை நசுக்கி, ஒன்றைப் பல்லில் கடிப்பார். ஈரமா, பதரா என்று அதிலேயே தெரிந்துவிடும். தொற்றைத் தேடித் திரியும் வெண்குருதிக் கலமான டி கலமும் அப்படித்தான், மற்றக் கலத்துக்குள் அது எட்டிப்பார்க்க முடியாது. ஒரு வித்தியாசம்: இங்கே மூட்டையே தன் மாதிரியை வெளியே நீட்டுகிறது. நீட்டும் கைதான் எம்.எச்.சி. என்ற புரதம்; துண்டை வைக்க அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மனிதரில் அதை எச்.எல்.ஏ. என்பார்கள்.

ஒரு பெரிய வட்டம் கீறுங்கள். டெங்கு வைரசு புகுந்த கலம் அது.

படி 2

வைரசு தன் புரதங்களை நம் கலத்தின் ரைபோசோம்களைக் கொண்டே செய்விக்கிறது. குழியவுருவில் இருக்கும் புரோட்டியசோம் என்ற பீப்பாய் அவற்றில் ஒரு பகுதியை நறுக்குகிறது. சிவப்புப் பேனையால் சின்னச் சின்னத் துண்டுகள் போடுங்கள். எம்.எச்.சி.யில் இரண்டு வகை உண்டு. இந்த வட்டத்துக்கு வகை 1, அதில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமான துண்டே பொருந்தும். வைரசு வந்த பிறகுதான் இந்த நறுக்கல் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். நம் சொந்தப் புரதங்களும் நாள் முழுக்க நறுக்கப்பட்டு வெளியே காட்டப்படுகின்றன. டி கலம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

படி 3: நான் விழுந்த இடம்

எம்.எச்.சி.யைக் கல மென்சவ்வில் கீறி, குழியவுருத் துண்டிலிருந்து நேரே அதற்கு ஓர் அம்புக்குறி போட்டேன். மருமகள் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, அந்தப் பள்ளம் வெளிப்பக்கம்தானே பாத்துக்கொண்டு இருக்கு. உள்ளுக்க கிடக்கிற துண்டு அதுக்க எப்பிடிப் போற?”

என்னிடம் பதில் இல்லை. அம்புக்குறியை அழித்தோம்.

துண்டு ஏறுவது மென்சவ்வில் அல்ல, அகமுதலுருச் சிறுவலைக்குள். அதன் சுவரில் டாப் என்ற கடத்திப் புரதம் இருக்கிறது, ஏ.டி.பி.யைச் செலவழித்துத் துண்டுகளை உள்ளே இழுத்துப்போடும். உள்ளே வெறுங்கையோடு நிற்கும் எம்.எச்.சி.யை டபாசின் என்ற புரதம் டாப்பின் அருகிலேயே பிடித்து வைத்திருக்கும். பொருத்தமான துண்டு விழுந்ததும் பிடி விடும். பிறகு கொல்கி, புடகம், மென்சவ்வு. சட்டைப்பையைப் பிடித்துப் புறம் திருப்பிப் பாருங்கள்: பைக்குள் இருந்த பக்கம் வெளியே வரும். சிறுவலையின் உட்பக்கம் கலத்தின் வெளிப்பக்கமாவதும் அப்படித்தான். இது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அந்த வாசலின் பெறுமதி வைரசுகளுக்கும் தெரியும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்சின் ஐ.சி.பி. 47 என்ற புரதம் நேரே போய் டாப்பை அடைத்துக்கொள்கிறது. ஆனால் கை நீட்டாத மூட்டையைச் சந்தேகிக்க இயற்கைக் கொல்லிக் கலங்கள் இருக்கின்றன.

படி 4

பக்கத்தில் இன்னொரு வட்டம், நீலத்தில். இது டென்ட்ரைட்டிக் கலம், அந்நியப் பொருளை விழுங்கி டி கலத்துக்குக் காட்டும் நோயெதிர்ப்புக் கலம். மக்ரோபேஜ், பி கலமும் இதே வேலையைச் செய்யும். வெளியிலிருந்து விழுங்கியதை அமிலப் புடகத்துக்குள் வெட்டி, வகை 2 எம்.எச்.சி.யில் வைக்கும். இதுவும் சிறுவலையில்தான் உருவாகிறது; அங்குள்ள துண்டுகள் ஏறிவிடாதபடி மாறாச் சங்கிலி என்ற புரதம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு வரும். புடகத்தில் அது வெட்டுப்பட்டு, கடைசி மிச்சத்தை எச்.எல்.ஏ. டி.எம். கழற்றிவிடும்.

படி 5

டி கலத்திலும் சி.டி. 8, சி.டி. 4 என்று இரண்டு இனம். யாருக்கு எது? பெருக்கினால் 8 வர வேண்டும். வகை 1 என்றால் சி.டி. 8 கலம், வகை 2 என்றால் சி.டி. 4 கலம். முதலாவது தொற்றிய கலத்தைக் கொல்லும். இரண்டாவது மற்றக் கலங்களுக்கு உதவும். முதல் தடவை காட்டும் வேலை பெரும்பாலும் நிணநீர்க்கணுவில், டென்ட்ரைட்டிக் கலம் அங்கே போய்ச் செய்வது. காய்ச்சலுக்கு நெறி கட்டுவது அங்கேதான்.

வியாபாரி நெல்லை மட்டுமல்ல, நீட்டிய கையையும் பார்க்கிறார். 1974இல் கன்பராவில் சிங்கர்நாகலும் டொஹேர்ட்டியும் எலிகளில் கண்டது இதைத்தான்: எம்.எச்.சி. பொருந்தாவிட்டால், அதே வைரசு தொற்றிய கலத்தையும் டி கலம் விட்டுவிட்டது. 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிற்சேர்க்கை

“டெங்குக்கு எடுக்கும் என்.எஸ். 1 அன்டிஜன் டெஸ்ட் இதுவா?” என்று இருவர் கேட்டிருந்தீர்கள். இல்லை. தொற்றிய கலம் இரத்தத்துக்குள் விடும் முழுப் புரதம் அது. டெஸ்டில் பிறபொருளெதிரி (அன்டிபொடி) அதைப் பிடிக்கிறது. துண்டும் இல்லை, எம்.எச்.சி.யும் இல்லை.

செங்குருதிக் கலத்துக்குக் கரு இல்லை, ஆகவே வகை 1ஐ முன்வைக்கும் வேலையும் அதற்கு இல்லை. அதை இந்தப் படத்தில் கீற வேண்டாம்.

இன்னொருவர் மடக்கிவிட்டார்: தொற்றாத டென்ட்ரைட்டிக் கலம், விழுங்கிய வைரசைச் சி.டி. 8க்கு எப்படிக் காட்டும்? குறுக்கு முன்வைப்பு என்று ஒரு வழி உண்டு. விழுங்கிய துண்டு வகை 1இல் ஏறும். நீல வட்டத்தின் புடகத்திலிருந்து அதே வட்டத்தில் ஒரு வகை 1 கைக்குப் புள்ளிக்கோடு போடுங்கள். துண்டு குழியவுருவுக்குள் இறங்கிப் போகிறதா, புடகத்துக்குள்ளேயே ஏறுகிறதா என்று ஆய்வாளர்கள் இரண்டு பாதை சொல்கிறார்கள். ஆகவே இந்தக் கோடு மட்டும் பென்சிலில் இருக்கட்டும்.