பிஹெச் 4.24-லேயே நின்ற தாங்கல் கரைசல் கணக்கு

மூன்று நாள் இழுத்தடித்த வீட்டுப்பாடம் இது. தாங்கல் கரைசல் என்றால், கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஹெச் அதிகம் மாறாத கரைசல். 0.20 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி., அதில் 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மி.லி. கலந்தால் பிஹெச் என்ன? பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.76 என்று கொடுத்திருந்தார்கள். விடை 4.39. ஹென்டர்சன் சமன்பாட்டில், அதாவது பிஹெச் = பிகேஏ + லாக் (அசிட்டேட்/அமிலம்) என்பதில், போட்டு எனக்கு வந்ததோ 4.24.

முதலில் பிகேஏ மேல் சந்தேகம். சில அட்டவணைகளில் இருக்கும் 4.74-ஐப் போட்டேன், 4.22 ஆகி இன்னும் தள்ளிப் போனது. லாக்குக்குள் விகிதத்தைத் தலைகீழாக்கினேன், 5.28. சரி, மொத்தக் கனஅளவால் வகுக்க மறந்துவிட்டேனோ என்று இரண்டையும் 80 மி.லி.யால் வகுத்தேன். மறுபடி அதே 4.24! மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுத்தால் விகிதம் மாறாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் ஹென்டர்சன் சமன்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, மில்லிமோலை (மோலார் × மி.லி.) மட்டும் எழுதிப் பார்த்தேன். அமிலம் 10, காரம் 3. காரம் முழுவதும் வினைபுரிந்து 3 மில்லிமோல் அசிட்டேட் உருவாகிறது. நான் அந்த 3-ஐ மேலே போட்டேன், கீழே 10-ஐ அப்படியே விட்டிருந்தேன். அசிட்டேட்டாக மாறிய 3 அமிலத்திலிருந்துதானே போயிருக்க வேண்டும்? மீதி 7.

லாக் (3/7) = −0.37. பிஹெச் 4.39.

இதில் வில்லங்கம் என்னவென்றால், 4.24 பார்வைக்குத் தப்பாகவே தெரியாது. பிகேஏவுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே என்ற தாங்கல் எல்லைக்குள்தான் அதுவும் இருக்கிறது. 9 என்று வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.