விதைப்புக்கு முன் மாட்டை வித்துத் தள்ளாமல் இருக்க: கோழி, ஆடு, மாடு என்று பிரித்துச் சேமிக்கும் முறை

மாரி வெள்ளாமைக்கு வயல் உழுகிற நேரம் வந்தால் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். விதைநெல்லுக்குக் காசில்லை, உழவு மெசினுக்குக் காசில்லை, நகை ஏற்கனவே அடகில், கடைசியில் மாட்டு வியாபாரிக்கு ஃபோன் போகும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுக்க ஒரே நேரத்தில் விற்க நிற்பதால் விலை இறங்கும், இது வியாபாரிக்கு நன்றாகவே தெரியும். கால்நடை நல்ல சேமிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தச் செலவுக்கு எதை விற்பது என்று முன்னமே பிரித்து வைக்காவிட்டால் 20,000 ரூபாய்த் தேவைக்கு ஒரு கன்றுத்தாய்ச்சி மாடு போய்விடும்.

பிரிப்பது இப்படி. பிள்ளையின் கொப்பி, கரண்ட் பில், திடீரென்று வரும் மருந்துச் செலவு, இதற்கெல்லாம் கோழியும் முட்டையும். உரம், விதை, கோயில் திருவிழா மாதிரி நடுத்தரச் செலவுக்கு ஆடு. கலியாணம், வீட்டுக் கூரை, கிணறு என்றால்தான் மாட்டைத் தொட வேண்டும், அதிலும் முதலில் நாம்பன் (இளம் ஆண் மாடு), கிடாரியையும் தாயையும் கடைசிவரை விற்காதீர்கள். தாய்தான் மூலதனம், குட்டியும் கன்றும் வட்டி. ஆடு சினைப்பட்டு ஏறத்தாழ 150 நாளில் குட்டி போடும், மாட்டுக்கு 280 நாள், எருமைக்குப் பத்து மாதத்துக்கும் மேல். நாட்டு மாடு முதல் கன்று போடவே மூன்று, நான்கு வயது ஆகும், அதனால் சேமிப்பைப் புதிதாகத் தொடங்குகிறவர் நேராக மாட்டுக்குப் போகாமல் இரண்டு மறியாட்டில் (பெட்டை ஆட்டில்) தொடங்குவதுதான் சரி என்பேன்.

பாங்கில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொஞ்சம் போடத்தான் வேண்டும், இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது ஆட்டை விற்க முடியாது. ஆனால் 2022ஐ மறந்துவிட வேண்டாம். அதற்கு முந்திய வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது, பிறகு சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. பாங்குப் புத்தகத்தில் கிடந்த காசு அதே தொகையாகவே கிடந்தது, வாங்கும் பெறுமதிதான் போய்விட்டது. பட்டியில் நின்ற மாட்டின் விலை சாமான் விலையோடு சேர்ந்து ஏறியது.

இனி வாங்குவது. ஆட்டின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்கள் எல்லாமே சின்னதாக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்டது, நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது, நான்கு என்றால் இரண்டு வயதளவு, எட்டும் பெரிதாகி விட்டால் நான்கு வயது. இரண்டு பல் மறிதான் நல்ல முதலீடு. பிறகு கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்ளே பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போய்க் கிடந்தால் பெரும்பாலும் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

விற்கும்போது கண்மதிப்பை நம்பாதீர்கள். தையற்கடை அளவுநாடா ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள், பிறகு தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனைவரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் வரும். சுற்றளவு 28, நீளம் 26 உள்ள கிடாய் ஏறத்தாழ 31 கிலோ. மாட்டுக்கும் இதே கணக்குத்தான். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சி, வியாபாரியும் அதை வைத்துத்தான் பேசுவார், ஆகவே இறைச்சி விலையைத் தெரிந்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கேள்வி கூடும், அந்த நாள் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னுக்கு வரும் என்பதால் கலண்டரைப் பார்த்து நாம்பனைத் தயாராக்குங்கள். விதைப்புக் காசையும் அப்போதே எடுத்து ஒதுக்கி வைத்தால் ஐப்பசியில் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

சேமிப்பு சாகாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. தொண்டை அடைப்பானுக்கும் கால்-வாய் நோய்க்கும் மாரிக்கு முன்னமே கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சொல்லி ஊசி போடுங்கள், மழை விழுந்தபின் பட்டிக்குள் வாகனம் போகாது. கோழிக்கு ராணிக்கெட் தடுப்பு மருந்து, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. 2022 டிசம்பரில் வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடும் எருமையும் ஆடும் செத்தன. நனைந்த உடம்பு, வெறும் வயிறு, மறைப்பில்லாத வெளி, இந்த மூன்றும் சேர்ந்தால் மெலிந்த மாடு ஒரு இரவு தாங்காது. வடகிழக்குக் காற்று வரும் பக்கம் தறப்பாள் கட்டுங்கள், மேட்டில் படுக்க இடம் பண்ணுங்கள், வைக்கோல் போடுங்கள். அறுவடை மெசின் போனதும் வயல் வட்டையில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு போர் ஏற்றி மேலே தறப்பாள் மூடி வைத்தால் அந்த மழை மாதங்கள் கடந்துவிடும். ஆட்டுக்கு வேலியிலேயே கிளிசரியா, இப்பில் இப்பில் மாதிரித் தழை மரங்கள் நட்டால் தீவனம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தீவனத்துக்கு மாதம் மாதம் கடைக்குப் போக வேண்டிய நிலை என்றால், பால் விற்கிறவருக்கு அது சரிவரலாம், சேமிக்கிறவருக்குச் சரிவராது. அதனால்தான் நாட்டு இனம் போதும் என்கிறேன்.

எண்ணிக்கையைக் கூட்டுமுன் மேய்ச்சல் தரையைக் கணக்கெடுங்கள். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மாட்டை எங்கே விடுவது? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்ததே இதற்காகத்தான். புல் இல்லாத இடத்தில் பத்து மாட்டைவிட நன்றாகத் தின்ற நான்கு மாடு மேல்.

கடைசியாக, உங்கள் மாடு உங்களுடையது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். குடிக்குக் குடி, அதாவது குலத்துக்குக் குலம், சூட்டுக்குறி வைத்து மாடு வளர்த்த ஊர் இது, இன்றைக்கும் குறி, காதுத் தகட்டு இலக்கம், உரிமைப் பத்திரம் மூன்றும் பொருந்தாவிட்டால் களவு போன மாட்டைக் கேட்டுப் போகவும் முடியாது, லொறியில் ஏற்ற அனுமதியும் கிடைக்காது. கணவர் பெயரில் மட்டும் பதியாமல் பெண்கள் வாங்கிய மாட்டை அவர்கள் பெயரிலேயே பதியுங்கள். மாட்டைப் பட்டிக்காரரிடம் பங்குக்கு விடுவதென்றால், உறவினர் என்றாலும் சரி, பால் யாருக்கு, எத்தனையாவது கன்று யாருக்கு, மாடு செத்தால் என்ன, இதை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். கன்று போட்ட திகதி, ஊசி போட்ட திகதி, விற்ற விலை எல்லாம் அதே கொப்பியில் அடுத்த பக்கத்தில் வரட்டும்.