சக வீரரை ஊக்குவிக்கப்போய் நாம் விடும் பிழைகள்

கூடைப்பந்தில், எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைத்த தடையில்லா எறிதலுக்கு ஃபிரீ த்ரோ கோட்டில் நிற்பவன் முதல் பந்தைத் தவறவிடுகிறான். அந்த நொடியில் அவனுடைய அணிக்காரர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவன் இடுப்பில் கை வைத்து மேலே பார்ப்பான். இன்னொருவன் ‘என்னடா மச்சான்’ என்று தலையில் கை வைப்பான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் இரண்டாவது பந்தை அவன் எறியப்போவது அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் பள்ளி நாட்களில் தொடங்கி, இப்போது வேலை முடிந்த மாலைகளில் நண்பர்களோடு என்று பல வருடங்களாகக் கூடைப்பந்து விளையாடுகிறேன். திறமை இருந்தும் மேலே வராத அணிகளில் நான் கண்ட குறை பெரும்பாலும் இதுதான்: ஒருவரையொருவர் தூக்கிவிட எல்லோருக்கும் விருப்பம் உண்டு, எப்படியென்று யாரும் யோசிப்பதில்லை.

முதலாவது, பிழை நடந்த உடனேயே விளக்கம் கேட்பது. பாஸ் பறிபோகிறது. ‘ஏன் அங்க குடுத்தனீ?’ என்று ஒருவன் கையை விரிக்கிறான். கேட்டவனும் நின்றுவிட்டான், கேட்கப்பட்டவனும் நின்றுவிட்டான். மிஞ்சிய மூன்று பேரை நோக்கி எதிரணி ஓடி வருகிறது. அந்த நேரத்துக்கு ‘பின்னால ஓடு’ என்ற ஒரு சொல் போதும், மிச்சத்தை, அணி கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் டைம் அவுட்டில் பேசலாம். சர்வதேச விதியில் அதுவும் ஒரு நிமிடம்தான். ஓர் அணிக்கு முதல் பாதியில் 2 முறை, இரண்டாம் பாதியில் 3 முறை. ஐந்து பேரும் ஐந்து கதை சொன்னால் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. ஒருவர் பேசட்டும், ஒரு விடயத்தை மட்டும் பேசட்டும்.

அடுத்தது வெறும் சத்தம். ‘கமோன், கமோன்’ என்று நாற்பது நிமிடமும் கத்துபவர் ஒவ்வொரு அணியிலும் இருப்பார். அவருடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் கேட்பவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவராது. ‘அவன் வலது பக்கம் மட்டும்தான் போறான், அந்தப் பக்கத்தை அடை’ என்று சொல்லிப் பாருங்கள். அவன் கால் வைக்கும் விதமே மாறும். ஆறுதலும் அப்படித்தான். முதல் முறை ‘பரவாயில்லை, விடு’ என்றால் மனம் லேசாகும். அதே பிழைக்கு நான்காவது முறையும் அதையே சொன்னால், ‘இவனிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது’ என்றுதான் அவன் காதில் விழும். பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் அவனோடு நின்று, எறிந்த பந்தைப் பொறுக்கிக் கொடுங்கள். அது எந்த ஆறுதலையும்விட மேல்.

‘மைக்கேல் ஜோர்டனும் ஏசித்தானே வென்றார்’ என்பவர்களுக்கு அந்தக் கதையின் மறுபாதி தெரிந்திருக்க வேண்டும். 1995இல், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் ஆடும் சிக்காகோ புல்ஸ் அணியின் பயிற்சி முகாமில் ஜோர்டன் தன் சக வீரர் ஸ்டீவ் கெர்ரை முகத்தில் குத்தினார். பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், புள்ளிகள் 86-86. தன்னைச் சூழ்ந்த இரண்டு பேருக்கு நடுவிலிருந்து ஜோர்டன் பந்தைக் கொடுத்தது அதே கெர்ரிடம்தான். கெர் போட்டார், புல்ஸ் 90-86 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. ஏசுவதை மட்டும் ஜோர்டனிடமிருந்து எடுத்துக்கொண்டு, அந்த மன்னிப்பையும் அந்தப் பாஸையும் விட்டுவிடுகிறோம். பயிற்சியில் அவர் தன் உடம்பை எவ்வளவு வருத்தினார் என்பதையும்தான்.

புள்ளி எடுத்தவரை மட்டும் கொண்டாடுவது இன்னொரு பிழை. ஸ்கிரீன் போட்டவன் (எதிராளியின் வழியில் நின்று நண்பனுக்கு இடம் எடுத்துக் கொடுத்தவன்), மோதலைத் தாங்கி விழுந்தவன், ரீபவுண்டுக்காக, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்காக, எதிராளியை முதுகால் மறித்து நின்றவன் எல்லோரும் மறந்துபோகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 36 பருவங்கள் பயிற்றுவித்த டீன் ஸ்மித் ஒரு பழக்கம் வைத்திருந்தார்: பந்தைக் கூடைக்குள் போட்டவர், தனக்குப் பாஸ் கொடுத்தவரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். செலவில்லாத வேலை. விழுந்தவனை நான்கு பேரும் ஓடிப்போய்த் தூக்குவதும் அப்படியே. 2008-09 என்.பி.ஏ. பருவத்தின் தொடக்க ஆட்டங்களை ஆராய்ந்து, 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று எழுதியது: ஒருவர் கையை ஒருவர் தட்டி, தோள் தொட்டு விளையாடிய அணிகள் கூடுதலாக ஒத்துழைத்தன, நன்றாகவும் ஆடின. கை தட்டினாலே வெற்றி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஃபிரீ த்ரோ கோட்டுக்குப் போய், பந்து தவறினாலும் கையை நீட்ட ஒரு நொடி போதும்.

கொழும்பு அணிகளுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. அதை நாங்கள் மிகப் பிந்தித்தான் உணர்ந்தோம். எங்கள் அணியில் தமிழும் சிங்களமும் கலந்தே இருக்கும். ஆட்டம் கைமீறும்போது தமிழ்ப் பொடியன்கள் ஒன்றாக நின்று தமிழில் பேசிக்கொள்வோம். ஒருநாள் எங்கள் சிங்கள நண்பன் நேராகவே கேட்டான், ‘என்னைப் பற்றியா கதைக்கிறீர்கள்?’ என்று. இல்லை. ஆனால் ஒரு மாதமாக அவன் அப்படி நினைத்திருக்கிறான், பாஸ் கேட்கவும் தயங்கியிருக்கிறான். அதன்பிறகு ஆட்டத்துக்குள் ‘ஸ்கிரீன் லெஃப்ட்’, ‘ஸ்விட்ச்’, ‘ஹெல்ப்’ என்று எல்லோருக்கும் பொதுவான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டோம். பாராட்டை முடிந்தவரை அவரவர் மொழியில் சொல்கிறோம். ‘மச்சான்’ இரண்டு மொழிக்கும் பொது என்பது பெரிய உதவி. அவன் ‘நல்லா இருக்கு’ என்று தமிழில் கத்தும்போது எனக்கு வரும் உற்சாகமே வேறு.

பெஞ்சில் இருப்பவர்களை மறக்காதீர்கள். 12 பேரில் 7 பேர் எப்போதும் வெளியில்தான் இருப்பார்கள். அப்புறம், உயர்தரப் பரீட்சைக்கு ரியூஷன் போவதால் பயிற்சிக்கு வராதவனை இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக அழைத்துப் பேசுங்கள்.

காயப்பட்டவன் விடயம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. கணுக்கால் பிரண்டவனிடம் ‘குணமானதும் வா’ என்று அனுப்பிவிட்டால், அவன் கால் தேறும், ஆனால் அணி நினைவிலிருந்து நழுவும். எங்கள் பொடியன் ஒருவனுக்கு அப்படி நடந்தபோது, கதிரையில் இருந்து எதிரணியின் ஆட்டத்தைக் குறித்துத் தரச் சொன்னோம். ஆறு வாரம் ஒரு கொப்பியும் பேனையுமாக வந்தான். திரும்பி ஆடத் தொடங்கிய முதல் நாளே, யார் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று எங்களுக்கு அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.