‘ஆயுளைக் கூட்டும் மருந்து’ செய்தியை எப்படிப் படிப்பது: மெடிக்கல் கல்லாவிலிருந்து

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் 26 வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சாயங்காலம் வந்து நிற்கிறவர்கள் தலைவலி மாத்திரையோ இருமல் டானிக்கோ கேட்பார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். அதில் எங்கள் வாடிக்கை ஒருவர், ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், 71 வயசு. 2024 ஜூலையில் ஒரு நாள் மூச்சு வாங்க வந்தார்.

“ஏம்மா, சிங்கப்பூர்ல ஒரு ஊசி கண்டுபிடிச்சிருக்கானாம். எலியெல்லாம் இருபத்தஞ்சு சதவீதம் கூடுதலா உயிரோட இருக்காம். நம்ம கடைக்கு எப்ப வரும்?”

“எலிக்கு வந்துடுச்சு சார். நமக்குத்தான் இன்னும் வரல.”

அவர் சிரிக்கவில்லை. பென்ஷன் பணத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று டப்பா வாங்கி வைத்திருக்கிறவர். அவருக்காக நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிச் சொல்லி அது ஒரு வழிமுறையாகிவிட்டது. போனில் வருகிற எந்த ஆயுள் செய்தியையும் இந்த வரிசையில் தட்டிப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும், டப்பா வாங்கும் காசு மிச்சம்.

முதலில் தலைப்பை விட்டுவிட்டு, யாருடைய ஆயுள் கூடியது என்று தேடுங்கள். ஈஸ்டா, புழுவா, சுண்டெலியா, குரங்கா, மனுஷனா? 1993-இல் கலிஃபோர்னியாவில் சிந்தியா கென்யன் குழு டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்து, ஒரு வகைப் புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்கியது. பெரிய வேலைதான். ஆனால் அது இரண்டு மூன்று வாரம் வாழ்கிற புழு. சார் காட்டிய சிங்கப்பூர் செய்தி சுண்டெலி. ட்யூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியும் லண்டன்காரர்களும் சேர்ந்து செய்தது. ஐஎல்-11 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியை 75 வார வயதிலிருந்து போட்டார்கள். பெட்டைக்கு 25 சதவீதம், கடுவனுக்கு 22.5 சதவீதம் நடுமட்ட ஆயுள் கூடியது. நடுமட்ட ஆயுள் என்றால் கூட்டத்தில் பாதி செத்துப்போகிற நாள். செய்தி பொய்யில்லை. அந்த ஊசிக் குடும்பத்தை மனிதர்களிடம் சோதிப்பது நுரையீரல் தழும்பேறும் நோய் போன்றவற்றுக்காக. நூறு வயது வாழ்வதற்காக இல்லை.

சுண்டெலி என்று தெரிந்ததும், மருந்து கொடுக்காத எலிகள் எத்தனை நாள் வாழ்ந்தன என்று பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. நன்றாக வளர்த்த ஆய்வகச் சுண்டெலி 900 நாளை ஒட்டி வாழவேண்டும் என்று இந்தத் துறையில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மருந்து கொடுக்காத கூட்டம் 700 நாளிலேயே போய்விட்டது, மருந்து தின்றவை 850 நாள் இருந்தன என்றால், மருந்து ஆயுளைக் கூட்டியது என்று எப்படிச் சொல்ல? எதிர்க்கடை பூட்டியிருந்த நாளில் என் கல்லா நிறைந்ததை என் சாமர்த்தியம் என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் பேர் பெற்ற காலம். ஒரு ரெப் வந்து, எலி நீண்ட நாள் வாழ்ந்தது என்று வழவழப்பான தாளில் படம் காட்டினார். 12 பாட்டில் எடுத்தேன். மூன்று விற்றது, மீதி எக்ஸ்பயரி ஆகி, ரிட்டர்னும் எடுக்காமல், பின்னறையில் கிடந்தது. பிறகுதான் அந்த 2006 ஆய்வின் சுருக்கத்தைப் படித்தேன். அந்த எலிகளுக்குக் கொடுத்தது கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக இருந்த தீவனம். அப்படிக் கொழுத்து நோய்ப்பட்ட எலிகளைத்தான் மருந்து காப்பாற்றியது. சாதாரணத் தீவனம் தின்ற எலிகளுக்குப் பிற்பாடு கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. நான் 12 பாட்டிலோடு தப்பித்தேன். கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்துக் கம்பெனி இதே நம்பிக்கையில் 2008-இல் சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-இல் மூடியது.

அடுத்த கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? இதற்கென்றே அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் ஓர் ஏற்பாடு உண்டு, இன்டர்வென்ஷன்ஸ் டெஸ்டிங் புரோகிராம் என்று பேர். மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், டெக்சஸின் சான் அன்டோனியோ என மூன்று இடத்தில், ஒரே மருந்தை, ஒரே சமயத்தில், தனித்தனியாகச் சோதிப்பார்கள். எலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. நாலு வம்சம் கலந்தவை. ஒரு வம்சத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்கிற மருந்து இங்கே மாட்டிக்கொள்ளும். தோற்ற மருந்துகளின் பட்டியலும் பொதுவிலேயே இருக்கிறது. ரெஸ்வெரட்ரால் அதில் தோற்றது. இப்போது எல்லோரும் கேட்கும் என்எம்என் என்ற ஆயுள் மாத்திரைக்குப் பங்காளி முறை வரும் நிகோட்டினமைடு ரிபோசைடும் 2021-இல் தோற்றது.

ஜெயித்ததில் முக்கியமானது ராபமைசின். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் கடையில் போகிற மருந்து. சிரோலிமஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். 1964-இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியலில் இதைப் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல். காசியில் பார்மசி படித்தவர். தீவின் பேர் ராபா நூயி, அதனால் ராபமைசின். கம்பெனி அந்த ஆய்வகத்தை மூடியபோது அவர் பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசருக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். 1999-இல் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009-இல் அந்த மூன்று ஆய்வகங்களும் சோதித்தபோது, தீவனத்தில் மருந்து கெடாமல் கலக்க வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது, நம் கணக்கில் அறுபதைத் தொட்ட வயசு. பரவாயில்லை என்று அப்போதிலிருந்தே கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்துபோகிற வயதை வைத்துப் பார்த்தால், பெட்டைக்கு 14 சதவீதம், கடுவனுக்கு 9 சதவீதம் கூடியிருந்தது. மூன்று இடத்திலும்!

இதைச் சொன்னதும் சார், “அப்ப ஒரு அட்டை குடு” என்றார்.

கொடுக்கவில்லை. அது எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிற மருந்து. வேறொருவரின் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத் தருவது. என்னிடம் மாதாமாதம் வாங்குகிற ஒரு தம்பி, கூடவே வாய்ப்புண் ஜெல்லும் வாங்கிப் போவான். கொழுப்பு ஏறியதால் அதற்கும் ஒரு மாத்திரை போடுகிறான். எலி கூண்டுக்குள் சுத்தமாக இருந்தது. சார் தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறார். ஒரு மருந்து ஜெயித்த செய்தியைப் படித்தால் உடனே, அது இப்போது எதற்காகத் தரப்படுகிறது, அதைத் தின்கிறவருக்கு என்ன தொந்தரவு என்று உங்கள் மருந்துக்கடையில் கேளுங்கள். சுகர்காரர்களுக்குத் தரும் அகார்போஸும் எலிகளில் ஜெயித்ததுதான்: கடுவனுக்கு 22 சதவீதம், பெட்டைக்கு 5 சதவீதம். அதை வாங்கிப் போனவர்கள் “வயிறு உப்புசம் தாங்கல, மாத்திக் குடுங்க” என்று திரும்பி வருவது எனக்குத்தான் தெரியும். ஆண் பெண் வித்தியாசத்தையும் கவனியுங்கள். தலைப்பில் 22 மட்டும்தான் வரும்.

மனுஷ ஆய்வு என்று போட்டிருந்தால் நம்பலாமா? மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் பிரிட்டனிலிருந்து ஒரு கணக்கு வந்தது: மெட்ஃபார்மின் தின்கிற சுகர்காரர்கள், சுகரே இல்லாதவர்களைவிட நீண்ட நாள் இருந்தார்கள் என்று. உலகமே துள்ளியது. என் கல்லாவிலிருந்து பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். ஒருவர் முதலில் மெட்ஃபார்மின் மட்டும் வாங்குவார். நாலைந்து வருஷத்தில் சுகர் அடங்காமல் கூட இன்னொரு மாத்திரை, அப்புறம் இன்சுலின். ‘மெட்ஃபார்மின் மட்டும்’ என்ற வரிசையில் நிற்பவர்கள் யார்? இன்னும் முற்றாதவர்கள். முற்றியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமிருப்பவர்கள் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்கள்? 2022-இல் டென்மார்க்கில் இதையே திரும்பப் பார்த்தபோது அந்த லாபம் கிடைக்கவில்லை. இன்னொன்று: 2019-இல் வந்த ஓர் ஆய்வில், எடை தூக்கிப் பயிற்சி செய்த வயதானவர்களில் மெட்ஃபார்மின் தின்றவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. சுகருக்காகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்து நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. சுகர் இல்லாதவர் ஆயுளுக்காக ஏன் தின்ன வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக டாரின், நம் உடம்பிலேயே இருக்கிற ஒரு சத்து, டப்பாவில் மாத்திரையாகவும் விற்கிறார்கள். 2023 ஜூனில், விஜய் யாதவ் தலைமையிலான குழு, எலிகளுக்கு டாரின் கொடுத்தால் ஆயுள் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது, வயதாக ஆக நம் ரத்தத்தில் டாரின் குறைகிறது என்று எழுதியது. சாரின் டப்பாக்களில் ஒன்று இதனால் வந்தது. 2025-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள், ஒரே ஆளை வருஷக்கணக்கில் தொடர்ந்து ரத்தம் எடுத்த பதிவுகளைப் பார்த்தார்கள். டாரின் குறையவில்லை, அப்படியே இருந்தது, சிலரிடம் கூடியும் இருந்தது. எலிகளின் கதை இதனால் பொய்யாகவில்லை. ஆனால் ‘குறைகிறது, அதனால் ஊற்று’ என்ற வாதத்தின் காலை இது தட்டிவிட்டது.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது: ஒரே ஆளைப் பல வருஷம் அளந்தார்களா, அல்லது பல வயசுக்காரர்களை ஒரே தடவை அளந்தார்களா? எங்கள் தெருவில் எழுபது தாண்டியவர்களில் பாதிப்பேர் வெற்றிலை போடுகிறார்கள். இருபது வயசுப் பிள்ளைகள் யாரும் போடுவதில்லை. வயசானால் வெற்றிலை ஆசை தானாக வரும் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்?

‘உங்கள் உடம்பின் உண்மையான வயது’ என்று எச்சிலோ ரத்தமோ அனுப்பச் சொல்லும் பரிசோதனைகளுக்கு நான் பதில் சுருக்கமாகச் சொல்வேன். டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை வைத்து வயதைச் சொல்ல 2013-இல் ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் உருவாக்கிய ‘கடிகாரம்’ என்ற கணக்கு அறிவியல்ரீதியாக நல்ல வேலை. ஆனால் இந்த வகைக் கடிகாரங்களில் ஒரே ரத்த மாதிரியை இரண்டு தடவை ஓட்டியதில் 9 வருஷம் வரை வித்தியாசம் வந்திருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு வருஷத்து பிபி மாத்திரை வரும்.

தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். பப்மெட் என்ற தளம் இலவசம். மருந்தின் பேரோடு ‘லைஃப்ஸ்பான்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால் ஆய்வுகளின் சுருக்கம் வரும். இங்கிலீஷ் சிரமமென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். கடைசி நாலு வரியைப் படித்தாலே எந்தப் பிராணி, எத்தனை, எவ்வளவு கூடியது என்று கிடைத்துவிடும். இந்தியாவில் மனிதர்களிடம் சோதனை நடக்கிறதா என்று பார்க்க அரசின் சிடிஆர்ஐ பதிவேடு இருக்கிறது. விற்கிறவரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிற ‘ஆய்வு நிரூபித்தது’வை மட்டும் தொடாதீர்கள்.

இத்தனையும் சொல்லி அனுப்பினால், “அப்ப எதையுமே சாப்பிட வேண்டாமா?” என்று முகம் வாடிப்போகும். அதற்காகக் கடையில் ஒரு கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐந்து தடவை முழுசாக எழுந்து உட்காருங்கள். போனில் நேரம் பாருங்கள். 12 செகண்டோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்திருக்கலாம் என்பது 2019-இல் ஆசிய நாட்டு நிபுணர் குழு வைத்த அளவு. தலைசுற்றல், முட்டி வலி உள்ளவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்ய வேண்டாம்.

பயிற்சி செய்தால் பலம் கூடுமா என்பதையும் அதே கேள்விகளால் தட்டிப் பார்த்துவிட்டேன். பாஸ்டனில் 1990-இல் சராசரி 90 வயசான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். பலம் 174 சதவீதம் கூடியது. பத்தே பேர், ஒப்பிடக் கூட்டம் இல்லை. எனவே நான் அதை நம்பிப் பேசமாட்டேன். ஆனால் அவர்களே 1994-இல் 100 முதியோரைக் குலுக்கிப் பிரித்துத் திரும்பச் செய்தார்கள். பத்து வாரப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கூட்டியது பலத்தை. ஆயுளைக் கூட்டியதாக அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சத்துப் பவுடர் டின் என் ஷெல்ஃபில் மேல் வரிசையில் இருக்கிறது. இந்தக் கதையை அதற்குக் கீழே நின்றுதான் சொல்வேன். வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று என் வீட்டுக்காரர் திட்டுவார்.

சார் முதல் தடவை எடுத்தது 14 செகண்ட். சைக்கிள் ட்யூபைக் கட்டிலில் கட்டி இழுப்பது, படி ஏறுவது என்று மூணு மாசம் ஏதோ செய்தார். போன வாரம் 11.5. டாரின் டப்பா இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. “இன்னும் முப்பது மாத்திரை கெடக்கும்மா, காசு குடுத்து வாங்கினத வீணாக்கச் சொல்றியா?” என்கிறார்.