ஆளி விதையை அப்படியே விழுங்காதீர்கள், பொடித்துச் சாப்பிடுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஆளி விதை வாங்குகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனியுங்கள், முழு விதையின் தோல் கெட்டியானது, மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், சத்து உடம்பில் சேராது. மிக்ஸியில் பொடித்தால்தான் பலன். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில், அதாவது சுமார் 7 கிராமில், 2 கிராம் நார்ச்சத்தும் ஏறக்குறைய 1.6 கிராம் ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. மீன் சாப்பிடாத சைவக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் மீனில் உள்ள ஒமேகா 3 வேறு வகை, ஆளி விதைக் கொழுப்பில் கொஞ்சம்தான் உடம்பில் அதுவாக மாறும். மலச்சிக்கலுக்கு நல்லது, கெட்ட கொழுப்பும் ஓரளவு குறையும்.

நான் காலையில் பசியாறும்போது தோசை மாவில் ஒரு கரண்டி கலந்துவிடுவேன், ருசி மாறாது. நம் ஊர் வெக்கைக்குப் பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். அப்புறம் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.